ஐந்தாவது கார்ட்

"மிஸ், வாங்கலாமா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க."

கேட்டவர் டெரன்ஸ் மச்சாடோ. தூத்துக்குடியில் ஒரு உப்பு கம்பெனி சூப்பர்வைசர். வயது ஐம்பத்து மூன்று. அவருடைய கிட்டார் குரு பிரிசில்லாவுக்கு முப்பத்தொன்று. என்ன செய்ய, வித்தை வயசு பார்த்தா வருது?



விலைக்கு வந்த கிட்டார் ஜெயசிங்குடையது. செமி அக்கூஸ்டிக். சும்மாவும் வாசிக்கலாம், வயரை மாட்டி ஸ்பீக்கரிலும் வாசிக்கலாம். ஜெயசிங் பேங்கில் வேலை பார்ப்பவர். ஓசூருக்கு மாற்றல், தூக்கிக்கொண்டு அலைய முடியாது, அதனால் விற்கிறேன் என்றார். அவர் வீட்டு ஹாலில்தான் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டெரன்ஸ் ஒப்பிட்டுப் பார்க்கத் தன் பழைய கிட்டாரையும் பையோடு கொண்டுவந்திருந்தார்.

"திருநெல்வேலியில இருந்து ஒருத்தர் பஸ் ஏறிட்டாரு சார்," என்றார் ஜெயசிங். "இன்னும் அரை மணி நேரத்துல இங்க நிப்பாரு. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டா நல்லது."

டெரன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாளை ஞாயிறு. சர்ச்சில் எட்டு மணிப் பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு அவர்தான் கிட்டார். போன ஞாயிறும் அவர்தான். பாட்டு நடுவில் எஃப் கார்ட் வந்தது. கார்ட் என்றால் பல கம்பிகளைச் சேர்த்து ஒரே மீட்டில் எழுப்புகிற ஒலி. ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டு அமுக்க வேண்டும். அமுக்கினார். ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி 'தொப்' என்று ஒரு சத்தம். கை நின்றுவிட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது.

மனுஷன் சும்மாவாவது இருந்திருக்கலாம். கிட்டாரைத் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். இது சரியில்லை என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினார்.

வீட்டில் மனைவி ஒரு பழமொழி சொல்ல வாயெடுத்தார். டெரன்ஸ் முறைத்தார். அந்த அம்மா பாதியிலேயே விழுங்கிவிட்டார்.

பாடகர் குழு மாஸ்டர் கஸ்பார் மட்டும் விழுங்கவில்லை. "அடுத்த வாரமும் இப்படின்னா எனக்குக் கீபோர்டே போதும்," என்று சொல்லிவிட்டார்.

"நல்லா வாசிச்சுப் பாத்துட்டேன் மிஸ்," என்றார் டெரன்ஸ் இப்போது. "ஜி, சி, டி, ஈ மைனர். ஒவ்வொண்ணும் கணீர்னு கேக்கு."

குரு கிட்டாரைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். நேராகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

"கிட்டார் நல்ல கிட்டார்."

"அப்ப வாங்கிரட்டா?"

"எஃப் பிடிங்க அண்ணாச்சி."

டெரன்ஸ் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அதான் எல்லாம் பாத்தாச்சுல்லா."

"நாலு பாத்திருக்கீங்க."

"நாலும் நல்லா இருக்கும்போது அஞ்சாவது மட்டும் எங்க போயிரப் போவுது?"

"அப்ப பிடிங்க."

"வீட்டுல போய் நிதானமா..."

"இங்க."

ஜெயசிங்கின் போன் அடித்தது. "பஸ் ஸ்டாண்டு வந்துட்டீங்களா? ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துருங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டெரன்ஸ் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தார். உள்ளங்கை வேர்த்திருந்தது. பேண்டில் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவருக்குப் பயம். இதிலும் வராவிட்டால் நாளைக்குக் கோயிலில் எதைத் தட்டிக் காட்டுவது?

விரலைப் படுக்கப்போட்டார். அமுக்கினார். மீட்டினார்.

தொப்.



"எனக்கும் இதே சத்தம்தான் சார்," என்றார் ஜெயசிங், வாய் தவறி. "ரெண்டு வருஷமா. கிட்டார்லதான் ஏதோ..."

அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"ஓசூருக்குத் தூக்கிட்டு அலைய முடியாமத்தான் விக்கிறீங்கன்னுல்லா நெனச்சேன்," என்றார் குரு.

ஜெயசிங் காது வரைக்கும் சிவந்தார்.

குரு கிட்டாரை வாங்கினார். கழுத்தின் முதல் கட்டத்தில், தடித்த கம்பிக்கு அடியில், எஃபுக்கு அமுக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "மத்த இடமெல்லாம் தேஞ்சு கெடக்கு. இது மட்டும் கடையில இருந்து வந்த மாதிரியே இருக்கு."

பிறகு அதே கிட்டாரில் எஃப் பிடித்தார். ஆறு கம்பியும் பேசின.

பையைத் திறந்து டெரன்ஸின் பழைய கிட்டாரை எடுத்தார். அதிலும் பிடித்தார். ஆறும் பேசின.

இரண்டையும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தார். 

ஜெயசிங்கின் போன் மறுபடியும் அடித்தது. சோபாவில் இருந்த தன் கிட்டாரைப் பார்த்தார். எடுத்தார்.

"சாரி சார். ஆட்டோவத் திருப்பச் சொல்லுங்க. விக்கல."

வைத்த கையோடு டெரன்ஸின் போன் அடித்தது. மாஸ்டர் கஸ்பார். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தார்.

"என்ன டெரன்ஸ், வாங்கியாச்சா?" மாஸ்டருக்குப் பெரிய தொண்டை. ஹாலுக்கே கேட்டது.

"இல்ல மாஸ்டர்."

"அப்ப அந்தக் கோளாறு கிட்டாரையா நாளைக்கும் தூக்கிட்டு வரப் போறீரு?"

டெரன்ஸ் குருவைப் பார்த்தார். குரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்டார்ல கோளாறு இல்ல மாஸ்டர்."

"பெறவு அன்னைக்கு என்னவே ஆச்சு?"

 

"எனக்கு எஃப் வராது."

 லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இல்லை.

"எட்டு மணிக்குப் பூசை," என்றார் மாஸ்டர் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நீரு ஏழுக்கே வந்துரும். எஃபைப் பாத்துக்கிடுவோம்."

டெரன்ஸ் போனைக் கீழே வைத்தார். பழைய கிட்டாரை மடிக்கு இழுத்தார். விரலைப் படுக்கப்போட்டார்.

தொப்.

"மறுபடியும்," என்றார் குரு.

தொப்.

"மறுபடியும்."

டெரன்ஸ் விரலை வைப்பதற்குள், ஜெயசிங் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து இன்னொரு 'தொப்' கேட்டது.