தாளைப் பிடித்திருந்த நேரம்

"'முப்பது விநாடி. அதுக்குள்ள என் அறிக்கையைப் பாதியில வெட்டி எறியுது உங்க ஸ்டாண்ட்பை கம்ப்யூட்டர். நான் என்ன பிச்சையா கேட்டேன்?' அப்படியே சொல்லிட்டேன் மேடம். ஒரு வார்த்தை கூட்டல."

ரத்த வங்கி அதிகாரி துரைக்கண்ணுவின் கத்தலை அலுங்காமல் சுமந்து வந்தவர் சௌந்தரபாண்டியன். ஐம்பத்திரண்டு வயதில் ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து மாற்றலாகி, தன்னைவிட எட்டு வயது சின்னவளான எப்சிபாவிடம் டேட்டாபேஸ் கற்றுக்கொள்கிறார். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது சண்டை.

"அந்த முப்பதை யார் வச்சது மேடம்?"

"இந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவங்க."

"நமக்காகவா?"

"நம்மளை அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப மாத்திடலாமே. அவர் படிச்சு முடிக்கிறவரை அது காத்திருக்கட்டும்."

அவள் ஒரு தாளை நீட்டினாள். "நான் முதல் கம்ப்யூட்டர். நீங்க ஸ்டாண்ட்பை, நான் சொல்றதையெல்லாம் அப்படியே எழுதி வச்சுக்கிற மாத்து கம்ப்யூட்டர். நான் விழுந்தா நீங்கதான். எழுதுங்க. ரத்தப் பை நம்பர் நாற்பது, மூணாம் வார்டு செல்லம்மாளுக்கு."

எழுதினார்.

"இப்ப துரைக்கண்ணு சார் படிக்கிறார். தாளை அசைக்காமத் தூக்கிப் பிடிங்க. பை நாற்பத்தொண்ணு, ஆபிதாவுக்கு. பை நாற்பத்திரெண்டு..."

"பிடிச்சுக்கிட்டு எப்படி மேடம் எழுதறது?"

"அதான். அதனாலதான் முப்பது விநாடிக்கு மேல யாரையும் படிக்க விடாம வெட்டுது."

தலையாட்டினார். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்? மறுநாள் துரைக்கண்ணு முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும், சௌந்தரபாண்டியன் முப்பதை எடுத்துவிட்டு 'வரம்பு இல்லை' என்று வைத்தார். அவளிடம் சொல்லவில்லை. அறிக்கை முழுசாக வந்தது. துரைக்கண்ணு மைசூர்பாகு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் கம்ப்யூட்டர் பழுதாகி விழுந்தது.

ஸ்டாண்ட்பையைத் திறக்கப் போனார்கள். ஏழு மணிக்கு துரைக்கண்ணு மாத அறிக்கையை ஓடவிட்டிருந்தார்; அது இன்னும் முடியவில்லை, ஸ்டாண்ட்பையும் ஏழு மணிப் பதிவோடு நின்றிருந்தது. எந்தப் பை யாருக்கு என்ற நாலு மணி நேரப் பதிவுகள் வந்து சேர்ந்து வரிசையில் கிடந்தன. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறும். எல்லாம் ஏறாமல் திறக்காது.

சௌந்தரபாண்டியன் செய்ததைச் சொன்னார். எப்சிபா திட்டவில்லை. திட்டவும் தெம்பில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"எவ்வளவு நேரம் தாளைப் பிடிச்சிருந்தீங்க?"

போன் அடித்தது. சௌந்தரபாண்டியன் எடுத்துக் காதில் வைத்தார். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்.

"சார், டேபிள்ல ஆள் இருக்கு. பிரிட்ஜ்ல ஓ நெகட்டிவ் ஒரே ஒரு பைதான். அது யாருக்காவது ஒதுக்கினதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்."