வேம்பு தட்டை மாற்றிப் போட்ட கதை

ஐயா, உம்மைத்தான்! பேரைச் சொல்லமாட்டேன். முத்திரையை மடியில் கட்டிக்கொண்டு, வாசலில் நிற்பவளின் வேலையைத் திரும்பிக்கூடப் பாராமல் உட்கார்ந்திருக்கிறீரே, அந்த நீர்தான். இதைக் கேளும்.

வெகு காலத்துக்கு முன்னே மணற்குடி நாட்டை விசயதரன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம். அவனுடைய அரண்மனைத் தொழிற்கூடத்தில் தராசு செய்யக் கற்றவள் வேம்பு. தலைமை ஆசான் சிகாமணி முத்திரை குத்தினால்தான் தராசு சந்தைக்குப் போகும். அவரோ, இவள் தன்னை மிஞ்சிவிடுவாளே என்ற வயிற்றெரிச்சலில், "நாளைக்குப் பார்ப்போம்" என்றே பதினொரு வருஷத்தை ஓட்டிவிட்டார். நல்லது என்று வேண்டாம், மோசம் என்றாவது ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தாள் அவள்.

ஒருநாள் ராஜாவுக்குப் புதுக் கிறுக்கு.

"இனி அவரவர் வேலைக்கு அவரவரே தீர்ப்பு! குறையில்லை என்பவருக்கு முத்திரை. குறை உண்டு என்றால் வெளியே!"

"குறையே இல்லை மகாராஜா!" மாணவர்கள் வரிசையாகக் கூவினார்கள்.

வேம்புவுக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. "என் தராசில் ஓர் எள்ளெடை பிசகு இருக்கிறது" என்றாள்.

சிகாமணி சிரித்தார். "கிளம்பம்மா, கிளம்பு!"

"கிளம்புகிறேன் ஆசானே. பொக்கிஷப் பொன்னை நிறுக்கிறதே உங்கள் தராசு, அது எப்படி?"

"என் தராசிலா? மயிரிழை குறை கிடையாது!"

"மகாராஜா, அந்த மோதிரத்தைக் கொஞ்சம் கழற்றுங்கள்."

ஆசானின் தராசில் இடத்தட்டில் மோதிரம், வலத்தட்டில் அதற்கு ஈடாக எடைக்கல்லாகக் குன்றிமணிகள். முள் நேராக நின்றது. இரண்டையும் தட்டு மாற்றிப் போட்டாள். மோதிரத் தட்டு தொப்பென்று இறங்கியது.

"கா... காற்று!" என்றார் சிகாமணி.

"கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. உம்முடைய மூச்சா ஓய்?" என்ற ராஜா, அவளிடம் திரும்பினான். "பெண்ணே, உனக்கு எப்படித் தெரிந்தது?"

"எனக்குச் சொல்ல ஆளில்லை மகாராஜா. தினமும் இப்படி மாற்றிப் போட்டு, என்னை நானே கேட்டுக்கொண்டேன். மாற்றிப் போட்டுப் பார்த்த யாரும் மயிரிழை குறையில்லை என்று சொல்லமாட்டார்கள்."

"சிகாமணி, நாளை முதல் நீர் இவளிடம் மாணவன்! பெண்ணே, உனக்கு ஒரு பை பொன்!"

"பொன் இருக்கட்டும். ஒரே ஒரு தடவை என் தராசை அவர் கையில் வாங்கிப் பார்க்கட்டும்."

சிகாமணி வாங்கினார். மாற்றிப் போட்டார். குனிந்து முள்ளையே பார்த்தார். "எள்ளெடைகூட இல்லை," என்றார் மெல்ல. "அதிலும் பாதிதான்."

முத்திரை விழுந்தது. வேம்புவின் காதில் அந்தச் சத்தம் ஏறவில்லை. அந்த 'பாதிதான்' மட்டும் நின்றது.

கேட்டீரா ஐயா? உம் வாசலிலும் ஒருத்தி நிற்கிறாள். ராஜா வந்து சொல்லட்டும் என்று இருக்காதேயும். கையை நீட்டும். வாங்கிப் பாரும். குறை இருந்தால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும். இல்லையென்றால் அவிழும் அந்த மடியை, குத்தும் முத்திரையை, இன்றைக்கே!