முதல் வகுப்புக்கு முண்டியடித்த நால்வர்

முன்னொரு காலத்தில், எந்த ஆற்றங்கரையில் இருந்தது என்று யாரும் விசாரித்து வைக்காத ஒரு நாட்டில், ஒருநாள் காலை அரசவை கூடியது. முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரிந்தால்தான் பிறகு நடந்த கூத்து விளங்கும்.

நடுவில், சிம்மாசனத்தில் மன்னர். அவர் மடியில் பாதியும் கைப்பிடியில் பாதியுமாக ஆறு வயது இளவரசி குமுதவல்லி. வலப்பக்கம் முதல் ஆசனத்தில் கருவூல அமைச்சர் திருமேனிநாதர், கணக்கில் புலி. அவருக்கு அடுத்து படைத்தலைவர் கொற்றவேள். இடப்பக்கம் முதலில் அவைப்புலவர் செஞ்சொல்லனார், பிறகு சோதிடர் பஞ்சநாதர். தரையில் பாய் விரித்து, எழுத்தாணியும் கையுமாக ஓலை எழுதுபவர். எல்லாருக்கும் கடைசியில், தூணோரம், ஒரு கால் ஆடுகிற பழைய ஆசனத்தில் விகடன் மாசிலாமணி. ஆடுகிற ஆசனம்தான். ஆனாலும் அதில் இருப்பவன் பேசினால்தான் மன்னர் சிரிப்பார் என்பதால் மற்ற நால்வருக்கும் அதன்மேல் ஒரு கண்.

மன்னர் தொண்டையைச் செருமினார்.

"வருகிற விசயதசமியன்று ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறக்கிறோம். நம் குமுதவல்லியும் ஊர்ப் பிள்ளைகளோடுதான் உட்காரப் போகிறாள். ஆறு வயதில் தொடங்கி ஐந்து வகுப்புகள். எந்தப் பாடம், எந்த வகுப்பில்? இந்தச் சபையின் அறிவு மொத்தமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மாலை முரசு கொட்டும்போது ஓலை புறப்பட வேண்டும். சொல்லுங்கள்!"

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொல்லி ஓலையில் ஏறிவிட்டதை யாரும் நீக்கக் கூடாது. நீக்கினால் சொன்னவருக்கு அவமானம். வேண்டுமானால் சேர்க்கலாம். போன வருடத் தேர்த்திருவிழா ஓலையில் ஆளுக்கொரு யானை கேட்டார்கள். யார் யானையையும் யாரும் நீக்கவில்லை. நான்கு யானைகளும் சேர்ந்து நின்றதில் தேர் மறுநாள்தான் தெருவுக்குள் நுழைந்தது.

திருமேனிநாதர் எழுந்தார். "முதல் வகுப்பில் கணக்கு. கீழ்வாய் இலக்கம் என்கிற பின்னக் கணக்கு முழுவதும், முந்திரி வரைக்கும்."

"இலக்கணமும் முதல் வகுப்பில்தான்," என்றார் செஞ்சொல்லனார். "எழுத்து முதல் யாப்பு வரை."

மன்னர் மெல்லக் கேட்டார். "இரண்டில் ஒன்றை இரண்டாம் வகுப்புக்குத் தள்ளலாமே?"

"இரண்டாவதா?" புலவரின் முகம் சிவந்தது. "நாற்பது ஆண்டு இந்த அவையில் பாடியவனை இரண்டாமவன் ஆக்குகிறீர்களா, மன்னா?"

அவ்வளவுதான். வகுப்பு எண்ணைத் தங்கள் வரிசை எண் என்றே நால்வரும் எடுத்துக்கொண்டார்கள். கொற்றவேள் கோட்டை முற்றுகையை முதல் வகுப்பில் வைத்தார். பஞ்சநாதர் கிரகணம் கணிப்பதை முதல் வகுப்பில் வைத்தார். ஓலை எழுதுபவர் நான்கு வரிகளையும் கீறி முடித்து நிமிர்ந்தார். "மன்னா, இரண்டு முதல் ஐந்து வரை வகுப்புகள் காலியாக இருக்கின்றன."

"அந்த நான்கு வருடமும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?"

"முதல் வகுப்பை மறுபடி படிப்பார்கள்," என்றார் திருமேனிநாதர், கொஞ்சமும் தயங்காமல்.

தூணோரமிருந்து பொத்துக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது. மன்னருக்கே சுருக்கென்றது. திருமேனிநாதர் அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்.

"சிரிக்கிறவருக்கு வழி தெரிந்திருக்கும், மன்னா. அவரே ஒழுங்கு செய்யட்டும். ஆனால் எங்கள் வரிகளில் ஓர் எழுத்தும் நீங்கக் கூடாது. மாலை முரசுக்குள் முடியாவிட்டால் அந்த ஆசனத்தை என் மைத்துனன் வேலப்பனுக்குக் கொடுத்துவிடுங்கள். அவனும் சிரிப்பு மூட்டுவான்."

"அந்த வேலப்பன் வாயைத் திறந்தால் எனக்கு அழுகைதான் வருது," என்றாள் இளவரசி.

"சும்மா இரு கண்ணே," என்றார் மன்னர். ஆனால் கோபம் கோபம்தான். "அப்படியே ஆகட்டும். மாசிலாமணி, கேட்டாயல்லவா?"

மாசிலாமணி எழுந்து கைகூப்பினான். அந்த ஆசனத்தை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. அதைவிட, மன்னரையும் அந்தக் குழந்தையையும் பார்க்காமல் அவனுக்கு ஒரு பொழுதும் போகாது.

"மன்னர் பெருமானே, நீக்கக் கூடாது. சேர்க்கலாம் அல்லவா?"

"எத்தனை வேண்டுமானாலும் சேர்."

"ஒரே வரி போதும். எழுதுங்கள் ஐயா: 'மேற்கண்ட ஒவ்வொரு பாடத்தையும், அதைச் சொன்னவரே, முதல் வகுப்பில் முதல் மாதம் முழுவதும் உட்கார்ந்து, கடைசிப் பிள்ளைக்கும் விளங்கும்வரை கற்பிப்பார்.'"

எழுத்தாணி கீச்சிட்டது. வரி ஏறிவிட்டது.

"இது அநியாயம்!" என்றார் கொற்றவேள். "என்னைப் போய்ச் சின்னப் பிள்ளைகள் நடுவில்..."

"பாடம் அவர்களுக்குத்தானே, தளபதியாரே?" என்றான் மாசிலாமணி. "ஒத்திகை பார்க்க வெளியே போகவும் வேண்டாம். வகுப்பு இதோ மன்னர் மடியில் இருக்கிறது."

குமுதவல்லி குதித்து இறங்கி, நடுச்சபையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "யார் முதல்லே?"

இப்போது முதலாவதாக வர யாரும் போட்டியிடவில்லை. மன்னர் பார்த்த பார்வையில் திருமேனிநாதர் எழுந்தார்.

"இளவரசி, முந்திரி என்பது ஒன்றை முந்நூற்றிருபது பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. ஓர் அப்பத்தை முந்நூற்றிருபது பேருக்குப் பங்கிட்டால்..."

"ஒரே அப்பத்தையா?"

"ஒரே அப்பத்தை."

"அவ்வளவு பேர் வந்திருக்காங்க, இன்னொரு அப்பம் சுட மாட்டீங்களா?"

மன்னர் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். கருவூல அமைச்சர் உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சநாதர் அவசரப்பட்டார். "கணிதம் கடினம்தான். கிரகணம் எளிது. பெரிய பாம்பு ஒன்று நிலாவை விழுங்குகிறது. எப்போது விழுங்கும் என்றால்..."

"முழுசாவா?" இளவரசியின் உதடு பிதுங்கியது. "நிலாவுக்கு வலிக்காதா? விடச் சொல்லுங்க தாத்தா!"

"விட்டுவிடும் அம்மா, விட்டுவிடும்! அழாதே!" சோதிடர் பதறிப்போய்த் தம் மேல்துண்டாலேயே அவள் கண்ணைத் துடைத்தார். பிறகு அங்கேயே, அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டார். "மன்னா... என் வரியில் கொஞ்சம் சேர்க்க அனுமதி வேண்டும்."

"சேருங்கள்."

"'முதல் வகுப்பில்' என்பதற்குப் பின்னால் 'தொடங்கி' என்று சேருங்கள். அந்த வகுப்பில் நிலாவைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். இரண்டில் அது வளர்வதையும் தேய்வதையும் சொல்ல வேண்டும். மூன்றில் கோல் நட்டு நிழலை அளப்பது. கிரகணம் கணிப்பது ஐந்தாம் வகுப்பில்." அவர் நிமிர்ந்தார். "ஆனால் நிழலை அளக்க அளவை தெரிய வேண்டுமே. திருமேனிநாதரே, மூன்றாம் வகுப்புக்குள் அது வந்துவிடுமா?"

அந்த இருவரும் நேருக்கு நேர் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. திருமேனிநாதர் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"இரண்டாம் வகுப்பிலேயே சாணும் முழமும் தந்துவிடுகிறேன், ஐயா. முதல் வகுப்பில் விரல்விட்டு எண்ணட்டும். நான்கில் அரை, கால். முந்திரி ஐந்தில் வரட்டும்."

"நிழலைப் பற்றி என்னிடம் ஒரு பாட்டு இருக்கிறது," என்றார் செஞ்சொல்லனார், யாரும் கேட்காமலே. "நிழலை அளக்கும் அதே வாரத்தில் அதைப் பாடலாம். முதல் வகுப்பில் பாட்டுக்குக் கைதட்டினால் போதும். யாப்பை ஐந்தில் பார்த்துக்கொள்ளலாம்."

"கைதட்டுவது போதாது, தாளத்துக்கு நடக்கவும் வேண்டும்," என்றார் கொற்றவேள். "முதல் வகுப்பில் முட்டாமல் மோதாமல் வரிசையில் நிற்கட்டும். அதற்கே என் வீரர்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. முற்றுகையை ஐந்தில் மணலில் கோட்டை கட்டிப் பார்க்கலாம். மதிலை முழம் போட வேண்டுமே, திருமேனிநாதரே!"

நால்வரும் ஆசனங்களை விட்டு இறங்கிப் பாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "அந்த முழத்தை இங்கே இழும்!" "பாட்டை அங்கே தள்ளும்!" ஓலை எழுதுபவர் திணறினார். ஓலை மேல் ஓலையாகக் கோத்து நிமிர்ந்தபோது ஐந்து வகுப்புகளும் நிறைந்திருந்தன. நான்கு வரிகளிலும் 'தொடங்கி' சேர்ந்திருந்தது; ஓர் எழுத்தும் நீங்கவில்லை.

மன்னர் இதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மாசிலாமணி! பாடத்திட்டத்தை ஒழுங்கு செய்யச் சொன்னால், அதைக் குழப்பியவர்களையே பிடித்து ஒழுங்கு செய்ய வைத்துவிட்டாயே!" தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். "உன் ஆசனம் உனக்குத்தான். இன்னும் என்ன வேண்டும், கேள்."

"கேட்கிற முறை இளவரசியாருடையது, மன்னா. இத்தனை பேர் சேர்த்தோம். படிக்கப் போகிறவர் ஒன்றும் சேர்க்கவில்லை."

குமுதவல்லி அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். மன்னர் எழுத்தாணியை வாங்கித் தம் கையாலேயே கீறினார்: 'பெருமழை பெய்யும் நாளில் பாடம் இல்லை. பிள்ளைகள் நனையலாம்.'

முரசு மேடையில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. திருமேனிநாதர் தூணோரம் ஒதுங்கி வந்தார். "ஓய் மாசிலாமணி, உம்முடைய அந்த வரி அப்படியே இருக்கிறதே. அப்படியானால் விசயதசமியன்று நாங்கள் நால்வரும்..."

"நீக்கக் கூடாதே, அமைச்சரே. வழக்கம்!"

"நீக்கச் சொல்லவில்லை, ஐயா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இளவரசி உட்காரும் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் போடலாமா என்று கேட்கத்தான் வந்தேன்."

மாசிலாமணி ஓடிப்போய் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயரை ஓலையில் சேர்க்கச் சொன்னான். முரசு கொட்டியது. ஓலைகளைச் சுருட்டி நூல் கட்டினார்கள். அரக்கை உருக்கி ஊற்றினார்கள். மன்னர் முத்திரையை அழுத்தினார். வாசலில் காத்திருந்த தூதன் ஓலையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு குதிரையைத் தட்டினான்.