பூசணிக்கொடி ஏறிய தேசம்

கிளிஞ்சல் தீவுக்காரர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. நான் அந்தத் தீவில் பிறந்தவன். முப்பது வருடம் அரண்மனையில் எழுத்தராக இருந்தவன். விசாரித்துப் பார்த்ததில் அந்தப் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. ஒருமுறை மகாராஜா கோபப்பட்டு, அதை மறுத்துக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் எங்களுக்கே அனுப்பிக்கொண்டோம். வந்ததும் பிரித்துப் படித்தோம். எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை.

எங்கள் அரசாங்கம் மொத்தம் நாலு பேர். மகாராஜா திரைமாறன், மந்திரி ஏகாம்பரம், தளபதி இடும்பன், அப்புறம் நான். மகாராணி கோலவிழி அரசாங்கத்தில் சேர்த்தி இல்லை. ஆனால் அவர் இருமினால்கூட அரசாங்கம் எழுந்து நிற்கும்.

ஒருநாள் கடல் நாடுகளின் சபையிலிருந்து ஓலை வந்தது. பக்கத்துப் பெருந்தீவுக்காரர்கள், 'கிளிஞ்சல் தீவு தனி நாடே இல்லை, எங்களுக்குச் சேர்ந்தது' என்று அங்கே வழக்குப் போட்டிருந்தார்கள். எங்களிடம் இருந்த ஒரே நல்லதண்ணீர்க் கிணற்றின் மேல்தான் அவர்களுக்குக் கண். 'இரண்டு மாதம் கழித்து எங்கள் தூதர் வருவார். தேசியக் கொடி உயரமான கம்பத்தில் ஏறியிருக்க வேண்டும். வேறெங்கும் இல்லாத தேசியப் பறவை வேண்டும். நிரந்தரமாக வசிக்கும் மக்கள் எத்தனை பேர் என்று எழுதித் தர வேண்டும். அரசாங்கம் நிலையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீவு பெருந்தீவுக்கே' என்று எழுதியிருந்தது.

படித்து முடித்ததும் நாலு பேருக்கும் நாக்கு வறண்டது. கிணற்றுக்குப் போய் ஆளுக்கு ஒரு செம்பு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

"கொடி என்றால் எந்தக் கொடி?" என்றார் மகாராஜா.

"அவரைக்கொடி இருக்கிறது, பாகற்கொடி இருக்கிறது" என்றார் மந்திரி.

"பாகல் கசக்கும். கசப்பான தேசம் என்று பேர் வந்துவிடும்" என்றார் தளபதி.

"துணி காயப்போடுகிற கொடி எல்லார் வீட்டிலும் இருக்கிறதே" என்றேன் நான்.

"அதில் மகாராணியின் சேலை தொங்கும். வருகிற தூதர் சேலைக்கு வணக்கம் வைக்கவா?" என்று மகாராஜா என்னை முறைத்தார்.

கடைசியில் பூசணிக்கொடி என்று முடிவாயிற்று. கடற்கரையில் பெரிய கம்பம் நட்டு, அடியில் விதை போட்டோம். மற்ற நாடுகளில் கொடியை ஆள்தான் ஏற்ற வேண்டுமாம். எங்களுடையது தானே ஏறும் என்பதில் எங்களுக்கு ஒரே பெருமை.

பறவைக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. தளபதி தன் வீட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கோழி எல்லா ஊரிலும் இருக்குமே?" என்றார் மந்திரி.

"இந்தக் கோழி இருக்காது. நேற்றுக் காணாமல் போய் எல்லா இடத்திலும் தேடினேன். எங்கேயும் இல்லை. கடைசியில் என் வீட்டுக் கூடைக்குள்ளேதான் இருந்தது."

வேறெங்கும் இல்லாத பறவை என்பது அதோடு ருசுவாயிற்று.

மக்கள் விஷயத்தில்தான் மூன்று நாள் பேசினோம். எண்ணுவது பிரச்சினை இல்லை, எங்களுக்கு நானூறு வரைக்கும் தெரியும். 'நிரந்தரமாக' என்ற சொல்தான் இடித்தது.

"நீ நிரந்தரமாய்யா?" என்று மகாராஜா மந்திரியைக் கேட்டார்.

மந்திரி ரொம்ப நேரம் யோசித்தார். "இல்லை மகாராஜா. என் அப்பாவே போய்விட்டாரே."

"இடும்பா, நீ?"

"எனக்கு இப்போதே முதுகு வலி."

மகாராஜா பெருமூச்சு விட்டார். 'நிரந்தரமாக வசிப்போர்: யாருமில்லை' என்று எழுதி முத்திரை வைத்தேன்.

தூதர் வருகிற நாளும் வந்தது. அரசாங்கம் நிலையாக இருக்க வேண்டுமே! விடியற்காலையிலேயே நாலு பேரும் கடற்கரையில் வரிசையாக, கை கால் அசைக்காமல் நின்றோம். வெயில் ஏறியது. ஈ வந்து மகாராஜாவின் மூக்கில் உட்கார்ந்தது. அரசாங்கம் அசையவில்லை.

தூதர் தணிகாசலம் வயதானவர், பார்வை கொஞ்சம் மங்கல். படகிலிருந்தே கம்பத்தைப் பார்த்தவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் பூசணி அதுவரை பாதிக் கம்பம்தான் ஏறியிருந்தது. கரைக்கு வந்து, அசையாமல் நின்ற எங்களைப் பார்த்ததும் அவர் தலை குனிந்து கேட்டார்.

"கொடி அரைக்கம்பத்தில் நிற்கிறதே. காலமானது யார்?"

அந்த நேரம் பார்த்து மகாராஜா தும்மினார். அரசாங்கம் ஆடிவிட்டது. இனி நின்று பிரயோசனம் இல்லை என்று பேச்சுக்கு வந்தோம்.

"யாரும் இறக்கலையே" என்றார் மகாராஜா.

"அப்படி இருக்காது. நாட்டின் பெரியவர் யாராவது போனால்தான் கொடி அரைக்கம்பத்தில் நிற்கும். உலகமெங்கும் அதுதான் முறை" என்றார் தூதர்.

நாங்கள் நாலு பேரும் ஒதுங்கிப் போய்ப் பேசினோம்.

"ஏகாம்பரம், நம்ம நாட்டில் பெரியவர் யார்?"

"தாங்கள்தான் மகாராஜா."

"அப்போ நான் போயிட்டேனா?"

"கொடி சொல்கிறதே. தேசியக் கொடி பொய் சொல்லுமா?"

"எனக்கு ஒன்றும் தெரியலையே!"

"இறந்தவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் தளபதி.

"காலையில் ஏழு இட்லி சாப்பிட்டேனே?"

"ஏழாவதுக்கு அப்புறம் நடந்திருக்கும்" என்றேன் நான். அந்தச் சமயத்தில் அது எனக்குத் தோன்றியதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

மகாராஜாவின் கண் கலங்கிவிட்டது. "ரொம்பக் கஷ்டப்பட்டேனா?"

"இல்லை மகாராஜா. நின்றபடியே போய்ச் சேர்ந்தீர்கள்."

"நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே மகாராஜா கம்பத்தடியில் போய்ப் படுத்தார். நாங்கள் வாய்விட்டு அழுதோம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதது அவர்தான்.

தூதர் மெல்லக் கேட்டார். "அடுத்த மன்னர் யார்?"

தளபதி முதுகைத் தடவிக் காட்டினார். மந்திரி, தன்னிடம் மந்திரிச் சட்டை மட்டும்தான் இருக்கிறது என்றார். நான் எழுத்து வேலையை யார் பார்ப்பது என்று நழுவிவிட்டேன். தேசம் ராஜா இல்லாமல் நின்றது. பெருந்தீவுக்காரர்கள் வாளியோடு கிணற்றைச் சுற்றி நிற்பது என் கண்முன் தெரிந்தது.

அப்போது இறந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "இதுக்கு முன் அனுபவம் உள்ள ஆளாகப் பாருங்கள்" என்றார்.

தீவு முழுக்க யோசித்தாலும் அப்படி ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அங்கேயே கிரீடத்தைத் துடைத்து அவர் தலையில் வைத்தோம். "போனவருடையது எனக்குப் பொருந்துமா?" என்று தயங்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

தூதர் என் காகிதத்தை வாங்கி, கண்ணருகே வைத்துப் படித்தார். "நிரந்தரமாக வசிப்போர் யாருமில்லை... எவ்வளவு உண்மை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் அறிக்கையில், 'இங்கே ஆட்சி மாற்றம் கால் மணி நேரத்தில், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், இறந்தவரின் முழுச் சம்மதத்தோடு நடந்தது. இது தனி நாடேதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிணறு தப்பித்தது.

புதிய மகாராஜா மத்தியானச் சாப்பாட்டுக்கு அரண்மனைக்குப் போனார். மகாராணி கோலவிழி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அதற்குள் செய்தி அவருக்கும் போயிருந்தது.

"என் புருஷன் போய் முழுசா ஒரு பொழுதுகூட ஆகலை. யாருய்யா நீ?"

மகாராஜா அப்படியே அரண்மனைக்கு வெளியே இருந்த வேப்பமரத்தடிக்கு வந்து, மகாராணியையே தனக்குப் பெண் கேட்டு வர என்னை அனுப்பினார். நான் போய் அவருடைய நல்ல குணங்களை எடுத்துச் சொன்னேன். மகாராணி கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஆள் பார்க்க அவர் மாதிரியேதான் இருக்கார். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் எப்படிச் சரி சொல்றது?"

நான் திரும்ப வந்து மகாராஜாவிடம் அதைச் சொன்னேன். நியாயமான பேச்சுத்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். மரத்தடியில் நீட்டிப் படுத்தார், கண்ணை மூடிக்கொண்டார், பசியோடு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து மேலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வருத்தத்தோடு சொன்னார்:

"அவருக்கு இதில் இஷ்டமில்லையாம்."