சைபர் எழுதின சைக்கிள்காரி

ஒரு ஊர்ல ஒரு... ஊருன்னு கூடச் சொல்ல முடியாது கண்ணு, மலை மேல பதினாலு வீடு, அவ்வளவுதான். காலை மடக்கு. என் இடுப்புல ஒதைக்காத. அத்தை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். கொட்டலன்னா பாதியில நிறுத்திட்டு நான் போய்ப் படுத்துக்குவேன்.

ம்.

அந்த மலைக்கு ஒரு பழைய ரோடு. முன்னாடி லாரியும் பஸ்ஸும் பாம் பாம்னு போயிட்டு இருந்துச்சு. அந்தப் பக்கம் புதுசா அகல ரோடு போட்டாங்களா, அதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு வண்டி வர்றதில்ல. ரோட்டுல சருகுதான் கெடக்கும். காத்தடிச்சா சரசர. இல்லன்னா அதுவும் இல்ல.

அந்தப் பதினாலு வீட்டுல ஒரு வீடு வெள்ளச்சி வீடு. புருஷன் இல்ல, புள்ளையும் இல்ல. வீட்டுக்கு மேல ஒரு கொல்லை, கீழ ஒரு கொல்லை, ரெண்டுலயும் சாமை வெதைப்பா. மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு சந்தை நாள், மொத்த சனமும் சந்தைக்கு எறங்கிருச்சு. அன்னிக்குப் பாத்து நெலம் அளக்கற ஆபீஸ்ல இருந்து தொப்பி போட்ட ஒருத்தன் வந்திருக்கான். அங்க பாத்தான், இங்க பாத்தான், ஆளையே காணோம். 'ஆள் யாரும் இல்ல, தரிசு'ன்னு நோட்டுல எழுதிட்டுப் போயிட்டான். அப்புறம் என்ன, ரெண்டு மாசத்துல கல்லு நட்டாங்க, கம்பி வேலி போட்டாங்க, வெள்ளச்சியோட கீழ் கொல்லை போயே போச்சு. நான் இருக்கேனேன்னு கத்தினா. யார் காதுல விழுது? எழுதினது எழுதினதுதான்னுட்டாங்க.

அன்னியில இருந்து வெள்ளச்சி சந்தைக்கே போறதில்ல. உப்பு வேணும்னாலும் அடுத்த வீட்டுக்காரிகிட்டச் சொல்லி விடுவா. மேல் கொல்லையாவது மிஞ்சணும்ல. வாசல்ல உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருப்பா. புதுசா காக்கா வந்து உக்காந்தாக்கூட, எங்கிருந்து வந்தேன்னு கேக்கற மாதிரி ஒரு பார்வை.

ம்.

அப்போ ஒரு சந்தை நாள். ஊர்ல வெள்ளச்சியும், அவ கொழுந்தன் சடையனும்தான். அவனுக்குக் கால்ல கட்டி, நடக்க முடியல. திடீர்னு ரோட்டுல கிர்ர்ர்... கிர்ர்ர்... வெள்ளச்சி எந்திரிச்சுப் பாக்கறா. ஒரு பொம்பள. நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். சைக்கிள்ல வர்றா. சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் மூட்டை. வேர்த்து ஊத்துது, ஆனா மொகத்துல சிரிப்பு. அதுதான் வெள்ளச்சிக்குச் சந்தேகத்தக் கெளப்புச்சு. மலை ஏறுறவளுக்கு எதுக்குச் சிரிப்பு?

"ஏ பொண்ணே, எங்க போற?"

"எங்கயும் போகலைங்கம்மா. சும்மா வந்தேன்."

சும்மாவாம். பஸ் போற ரோட்டை உட்டுட்டு, ஆளில்லாத ரோட்டுல, அதுவும் சந்தை நாளாப் பாத்து, சைக்கிளை மிதிச்சுட்டு ஒருத்தி சும்மா வருவாளா? நானா இருந்தா வெளக்குமாத்தத் தூக்கியிருப்பேன். வெள்ளச்சி கொஞ்சம் விவரமானவ. சோதிச்சுப் பாப்போம்னு நெனச்சா.

"இப்படியே ரோட்டுல போனா சுத்து. இந்தா, இந்த ஒத்தையடில ஏறு, மேல நல்லாருக்கும்"னா. அந்த வழில ஆடே மூச்சு வாங்கும் கண்ணு. ஆபீஸ்காரியா இருந்தா, அண்ணாந்து பாத்துட்டு அப்படியே திரும்பிருவா. இவ என்ன பண்ணா தெரியுமா? சைக்கிளைத் தோள்ல போட்டுட்டு தஸ்ஸு புஸ்ஸுன்னு ஏறிட்டா. உச்சியில போய் ஒரு நாழி நின்னா, சுத்திச் சுத்திப் பாத்தா, ஒரு நோட்டை எடுத்தா, என்னமோ எழுதுனா. அப்புறம் சைக்கிளைத் தள்ளிட்டு லொடலொடன்னு எறங்கி வந்து, "ரொம்ப நல்ல எடங்கம்மா"ங்கறா.

வெள்ளச்சிக்கு சந்தேகம் ரெண்டு மடங்காச்சு. இவ்வளவு செரமப்பட்டு ஏறி எழுதறான்னா பெரிய காரியமாத்தான் வந்திருக்கான்னு முடிவு பண்ணிட்டா.

அப்புறம் ரெண்டாவது சோதனை. பழைய கஞ்சிய ஒரு சட்டியில ஊத்தி, காந்தாரி மொளகா நாலு நசுக்கிப் போட்டுக் குடுத்தா. காரத்துல உள்ள ஒளிச்சு வெச்ச நெசம் வெளிய வந்துரும்னு கணக்கு. இவ மடக் மடக்குன்னு குடிச்சா. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. "இன்னொரு சட்டி கெடைக்குங்களா?"ன்னு கேக்கறா. வெள்ளச்சி உள்ள போய் சடையன்கிட்டச் சொன்னா, "நல்லாப் பழகிட்டு வந்திருக்காடா. லேசுப்பட்ட ஆளு இல்ல."

"அண்ணி, பசிச்சிருக்கும்"னான் சடையன்.

"நீ சும்மா கெட."

ம் கொட்டு. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்போ அந்தப் பொம்பள, "கால் வலிக்குதுங்கம்மா, இன்னிக்கு இங்கயே தங்கிக்கறேன். இந்தக் கொல்லை ஓரமா ஒரு டெண்ட் அடிச்சுக்கட்டுங்களா?"ன்னா. டெண்டுன்னா என்னன்னு வெள்ளச்சிக்குத் தெரியல. செய்யட்டும், என்னதான் செய்யறான்னு பாப்போம்னு தலைய ஆட்டிட்டா. அவ மூட்டையப் பிரிச்சா, நாலு இரும்பு முளைய எடுத்தா, கல்லால டொக். டொக். டொக். மேல் கொல்லைல முளை அடிக்கறா.

போன தடவையும் இப்படித்தான், கல்லு நட்டுத்தான ஆரம்பிச்சாங்க. வெள்ளச்சி ஓடிப்போய் நாலு முளையையும் வெடுக் வெடுக்குன்னு புடுங்கி மடியில கட்டுனா. சைக்கிள் மூட்டையில கைய விட்டு நோட்டை எடுத்துட்டு, நேரா அடுப்படிக்குப் போயிட்டா. அந்தப் பொம்பள பின்னாடியே "அம்மா, அம்மா"ன்னு ஓடியாறா.

"டேய், நீதான் அஞ்சாவது படிச்சவன். படி இத. என்ன எழுதியிருக்கா?"

சடையன் எழுத்துக் கூட்டிப் படிச்சான். "புளியமர வளைவு... சைபர். ஓடைப் பாலம்... சைபர். ஏழாவது வளைவு... சைபர். பதினாலு வீடு... சைபர். அண்ணி, எல்லாம் சைபருதான்."

பதினாலு வீட்டுக்கும் சேத்து ஒரு சைபர். வெள்ளச்சி அப்படியே அடுப்புகிட்ட உக்காந்துட்டா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "பாத்தியாடா, மறுபடியும் யாருமில்லன்னு எழுதிட்டாங்க. என் கஞ்சியவே குடிச்சுட்டு, நான் இல்லன்னு எழுதியிருக்கா"ன்னு சொல்லி, நோட்டை நெருப்புக்கு நேரா நீட்டிட்டா.

அந்தப் பொம்பள வாசப்படியிலயே நின்னுட்டா. "அம்மா, அது ஆளுக் கணக்கு இல்லைங்கம்மா. ஹார்ன் கணக்கு"ன்னா.

"என்னது?"

அவ பேரு மரகதம். தறிக்காரி கண்ணு, நம்ம தெருக்கோடில தறி ஓடுதுல்ல, அந்த மாதிரி பதினாறு தறிக்கு நடுவுல நிக்கறவ. டக்கடக்க டக்கடக்கன்னு நாள் பூரா. வெளிய வந்தா லாரி, பஸ், ஹார்ன். லீவு நாள்லகூடக் காதுக்குள்ள தறி ஓடுமாம். வருஷத்துல பத்து நாள் சைக்கிளை எடுத்துட்டு, வண்டி போகாத ரோடாத் தேடிப் போவாளாம். ஒவ்வொரு வளைவுலயும் நின்னு, எத்தனை ஹார்ன் கேட்டுச்சுன்னு எழுதுவாளாம். "ஆறு வருஷமா சுத்தறேங்கம்மா. இன்னிக்குத்தான் காலைல இருந்து எல்லாமே சைபர். அதான் சிரிச்சுட்டே வந்தேன்"னா. சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்திருச்சு.

சடையன், "பாவம் அண்ணி, குடுத்துரு"ன்னான்.

வெள்ளச்சி குடுக்கல. அவள உத்துப் பாத்தா. "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். நாளைக்கு இந்த நோட்டு எவன் கைக்காச்சும் போகுது. பதினாலு வீடு, சைபர்னு இருக்கு. ஹார்ன் சைபரா, ஆளு சைபரான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

மரகதம் பேனாவ எடுத்துட்டு, அடுப்புகிட்ட வெள்ளச்சிக்குப் பக்கத்துலயே சம்மணம் போட்டு உக்காந்தா. "சொல்லுங்கம்மா. யார் யார் இருக்கீங்க?"

வெள்ளச்சிக்குப் பேரைச் சொன்னா அதுல என்ன வில்லங்கம் வருமோன்னு பயம். சடையன்தான் நோட்டை வாங்கி மரகதத்துகிட்டக் குடுத்து ஆரம்பிச்சான், என் பேரு எழுதுங்கன்னு. அப்புறம் மெதுவா அவளும் சொன்னா. புளியமர வளைவுல இளையாண்டி வீடு, அவனுக்கு நாலு புள்ளைங்க. ஓடைப் பாலத்துல குப்பாயி, கண்ணு தெரியாது, ஆனா இருக்கா. இப்படி ஒவ்வொரு சைபருக்குப் பக்கத்துலயும் பேரு, மாடு, ஆடு. இடமே பத்தல, பக்கத்தைத் திருப்பி எழுதறா.

கடைசியில, "உங்க பேரு வெள்ளச்சி. மேல் கொல்லைன்னு எழுதட்டுங்களா?"ன்னு கேட்டா.

"மேல் கொல்லையும் எழுது. அதுக்கு முன்னாடி கீழ் கொல்லைன்னு எழுது."

"அங்க இப்ப வேலி போட்டிருக்குங்களே அம்மா."

"வேலி இருக்கட்டும். அன்னிக்கு நான் உப்பு வாங்கப் போயிருந்தேன். அவ்வளவுதான். நான் இருந்தேன்னு எழுது."

மரகதம் எழுதினா. சடையன் ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டினான். அதுக்கப்புறம்தான் வெள்ளச்சி மடியில இருந்து அந்த நாலு முளையையும் எடுத்து அவ கையில குடுத்தா. அடிக்கறதுக்குக் கல்லும் அவளே எடுத்துக் குடுத்தா.

அத்தை... அந்தக் கொல்லை திரும்பக் கெடச்சுதா?

கெடைக்கல சாமி. உங்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அடுத்த சந்தைக்கும் அவ போகல, வாசல்லயேதான் உக்காந்திருந்தா. அவ்வளவு சீக்கிரம் நம்பிர முடியுமா? ஆனா மரகதம் வந்த அன்னிக்கு ராத்திரி கஞ்சி காச்சும்போது மொளகா போடாம ரெண்டாவது சட்டி ஊத்திக் குடுத்தா. மரகதம் குடிச்சுட்டு, கொல்லையில காத்து வர்ற பக்கமாத் தலை வெச்சுப் படுத்துட்டா. ஒரு சத்தம் இல்ல.

கதை அந்தப் பக்கம் எறங்கிப் போயிருச்சு கண்ணு. போர்வைய இழுத்துக்கோ. தூங்கு.