செம்பருத்திக்குச் சொல்லக் கூடாத சேதி

முகில்மேடு மலையுச்சியில் இருக்கிறது. தை மாதம் விடியற்காலையில் அங்கே குழாய்த் தண்ணீர்கூட உறைந்துபோகும். அந்த ஊர் மலர்ச் சங்கத் தலைவர் எத்திராஜு, பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னால் வாயை விட்டுவிட்டார்: "மாசிக்குள்ள எங்க ஊர்ல செம்பருத்தி பூக்கும். பூக்கலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

செயலாளர் காளிங்கனையும் பொருளாளர் சவரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு செடி வாங்கினார்.

நர்சரிக்காரர் சொல்லி அனுப்பினார்: "தெற்குப் பார்த்த சுவரோரமா வைங்க. செடிக்குக் குளிரே தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ்வளவுதான்."

சங்கக் கட்டடத்துச் சுவர் தெற்கே பார்க்க வேண்டுமென்றால் அதற்குக் கண் வேண்டுமே? சவரிமுத்து கரித்துண்டால் இரண்டு கண் வரைந்தார்.

"இப்பப் பார்க்குதா?"

"நல்லாவே பார்க்குது தலைவரே."

அடுத்தது குளிர். அதற்கு அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"நாம சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்?" என்றார் காளிங்கன். "ஊருக்கும் புதுசு."

செடி பக்கத்தில் யாரும் 'குளிர்' என்று சொல்லக் கூடாது, ஸ்வெட்டர் போடக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. டீக்கடை ரோசம்மா ஒரு சாக்கைக் கொண்டுவந்து, "ராத்திரிக்கு இதைப் போத்தி விடுங்களேன்" என்றாள்.

"போத்தினா அதுக்குச் சந்தேகம் வந்துடாதா?" என்று எத்திராஜு அவளை விரட்டினார்.

தினமும் விடிந்ததும் சட்டையில்லாமல் செடி முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். "அப்பப்பா, என்னா புழுக்கம்!" பல் தந்தியடிக்கும்; ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொள்வார். எட்டாம் நாள் ஒரு மொட்டு தெரிந்தது. அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே வியர்த்தது.

பத்தாம் நாள் உறைபனி விழுந்து செடி கருகிப்போனது. எத்திராஜு தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்து ஊர்க்காரர்களே நாவிதரைக் கூட்டிவந்து மீசையை எடுத்துவிட்டுப் போனார்கள்.

மலைக்கு வந்த நர்சரிக்காரர் இலையைத் தொட்டுப் பார்த்தார். "குளிர் தெரிஞ்சுபோச்சுங்க."

எத்திராஜு துள்ளி எழுந்தார். "யாருய்யா சொன்னது?"

காளிங்கன் தலைகுனிந்தார். "வாயைத் திறக்கலை தலைவரே. ஒரே ஒரு தும்மல்தான்."

துரோகி என்று அவரைச் சங்கத்தை விட்டே நீக்கினார்கள். அடுத்த நாளே எத்திராஜுவும் சவரிமுத்துவும், காது கேட்காத செம்பருத்தியாகப் பார்த்து வாங்க நர்சரிக்குப் போனார்கள். ஒவ்வொரு செடிக்கும் பின்னால் பதுங்கி நின்று "குளிருதே!" என்று கத்தினார்கள். இருநூறு செடியில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எத்திராஜு நர்சரிக்காரரைக் கோபமாகப் பார்த்தார்.

"அத்தனையும் செவிடாத்தான் இருக்கு. நல்லாக் கேக்கிற ஒண்ணைத் தேடிப் பிடிச்சு எங்க தலையில கட்டிட்டியேய்யா!"