பன்னிரண்டு கூரையும் மூன்று படமும்

ஒரு கதை சொல்கிறேன். பாதியிலேயே தீர்ப்புச் சொல்ல வாயெடுக்காதீர்கள். கடைசியில் நானே கேட்பேன். அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

வடசென்னையில் ஒரு கால்வாய்க்கரை. அதன்மேல் நீலத் தார்ப்பாய் போட்ட பன்னிரண்டு வீடுகள். மூன்றாவது வீடு தேசம்மாவுடையது. போன மழையில் தார்ப்பாய் பறந்துபோய், அவளும் புருஷன் ஏழுமலையும் மகள் நதியாவும் மூன்று நாள் மேம்பாலத்துக்கு அடியில் கிடந்தார்கள். அடுத்த மழைக்கு இன்னும் ஒரு மாதம். ஆகவே 'தகரக் கூரை' என்ற சொல் காதில் விழுந்தாலே தேசம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

அந்தச் சொல்லோடும் கழுத்தில் ஒரு கேமராவோடும் வந்தவள் பிலோமினா. ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பிய பெண். பரம ஏழைக் குடும்பங்களைப் படமெடுத்துக் கண்காட்சி வைப்பார்கள். பார்த்து மனமிரங்குகிறவர்கள் தருவதைக் கொண்டு கூரை போடுவார்கள். கரைக்கு ஒரு படம். அது தேறினால் பன்னிரண்டு வீட்டுக்கும் கூரை. பிலோமினா தேசம்மாவின் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தாள். வந்த அன்றே வாக்கும் கொடுத்தாள்: "அக்கா, நீங்க சரின்னு சொல்ற படம் மட்டும்தான் வெளியே போகும்."

போட்டோ என்றால் சும்மாவா? மறுநாள் தேசம்மா தலைக்குக் குளித்து, பவுடர் பூசி, பக்கத்து வீட்டு பேபியம்மாவின் பச்சை ஜரிகைச் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். டீக்கடையிலிருந்து சிவப்பு நாற்காலி வந்தது. அதில் ஏழுமலை விறைப்பாக உட்கார்ந்தான்.

"சிரிங்கண்ணா."

"சிரிச்சா பல்லு தெரியும் மேடம். முன்னாடி ரெண்டு இல்ல."

இது முதல் படம். தேசம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அனுப்பினாள் பிலோமினா. நிறுவனத்து மேலாளர் தனசேகர் உடனே போனில் கத்தினார்: "கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நிக்குறாங்க! இவங்களுக்கு யாரும்மா கூரை போடுவா? உண்மையைக் காட்டு."

பிலோமினாவிடம் இன்னொரு படம் இருந்தது. முதல் நாள், யாரிடமும் பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே எடுத்தது. தலைவிரிகோலமாகக் குந்தியிருந்த தேசம்மா, இரண்டு தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, தனக்காகப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிலோமினா அதைக் கொண்டுவந்து காட்டினாள். "இதைக் கொடுத்தா கூரை நிச்சயம். கொடுக்கலாமாக்கா?"

தேசம்மா அதை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தாம்மா கீது. ஆனா அதுல நான் யாரையும் பாக்கல, எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. நாளைக்கு என் பொண்ணு வேலை செய்ற துணிக்கடையில எவளாவது இதைப் போன்ல காட்டிச் சிரிப்பா. வேணாம்."

"கூரை வருதுன்னா நான் கோவணத்தோட நிக்குறேன் மேடம், என்னை எடு" என்றான் ஏழுமலை.

"சும்மா இருய்யா நீ!"

பிலோமினா தேசம்மாவின் கண்ணெதிரே அந்தப் படத்தை அழித்தாள். வாக்கு நின்றது, கூரை போயிற்று. கரையே திரண்டு வந்தது. "உன் ஒருத்தி மூஞ்சிக்காக எங்க பதினோரு குடும்பமும் நனையணுமா?" அவர்கள் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது தேசம்மாவுக்கு. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேபியம்மா வந்தாள். சாவு வீடுகளில் ஒப்பாரிக்கு அவளைத்தான் தேடி வருவார்கள். "இன்னாடி நீ அயுவுற? அது என் தொயிலு! பாப்பா, கேமராவை எடு."

கொண்டையை அவிழ்த்துப் போட்டாள். வளையலைக் கழற்றினாள். போதுமான அளவு கிழிந்த சேலைக்காகக் கரை முழுக்கத் தேடினார்கள், கிடைத்ததைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் தடவக் கரி கொண்டுவந்தான் ஏழுமலை. காலிப் பானையை மட்டும் யாரும் தேடவில்லை. பேபியம்மா தன் அடுப்பிலிருந்தே எடுத்துவந்தாள்.

"இது பொய்யாச்சே அக்கா" என்று தயங்கினாள் பிலோமினா.

"இன்னா பொய்? நான் பணக்காரின்னு எவன் சொன்னான்? இட்டுக்கினு வா அவனை!"

பேபியம்மா தொண்டையைத் திறந்தாள். கல்லும் கரையும் அழுகை. கேமராவுக்குப் பின்னால் நின்ற பன்னிரண்டு வீட்டு ஜனமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. தேசம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. பிலோமினாவுக்கும் சிரிப்பு அடங்காமல், நான்காம் முறைதான் படம் தெளிவாக விழுந்தது.

தனசேகர் போனிலேயே உருகினார். "இதும்மா உண்மை!" கண்காட்சிக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மழைக்கு நான்கு நாள் முன்னால் பன்னிரண்டு வீட்டுக்கும் தகரக் கூரை ஏறியது.

இனி நீங்கள் பேசலாம். பன்னிரண்டு கூரை தன் தலையசைப்பில் தொங்கியபோதும் மாட்டேன் என்றாள் தேசம்மா. நிஜத்தில் எடுத்ததை அழித்துவிட்டு நடித்ததை அனுப்பினாள் பிலோமினா. வராத அழுகையை வரவழைத்துக் காட்டினாள் பேபியம்மா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தேசம்மா மறுத்தது தப்பே இல்லை, ஆனால் அந்த மறுப்புக்கான விலையில் பதினோரு பங்கு மற்றவர்கள் தலையில் விழ இருந்தது. பிலோமினா வாக்கைக் காப்பாற்றினாள், சரி. ஆனால் கேட்காமல் முதலில் எடுத்தவளும் அவள்தான். பிறகு கூரையைக் கையில் வைத்துக்கொண்டு 'கொடுக்கலாமா?' என்றால் அது கேள்வியா, மிரட்டலா? என் கட்சி பேபியம்மா. அவள் கொடுத்தது தன் முகத்தை, தன் சம்மதத்தோடு. வேறு யாரும் நஷ்டப்படவில்லை. பொய் என்பீர்கள். கண்ணீர் பொய்தான், பானை பொய்யில்லை. அதோடு, தனசேகர் வாய்தான் உண்மை என்றது; அவர் கேட்டது கண்ணீரை. கேட்ட சரக்கைத்தான் பேபியம்மா கொடுத்தாள். தரம் சரியில்லை என்றால் அவர் திருப்பி அனுப்பியிருக்கலாமே!